பங்களாவிலிருந்தும் லயத்திலிருந்தும்



என்னை உருவாக்கிய நூல்களைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். மு.வ., கல்கி, அகிலன் எனத் தொடங்கும் பட்டியல் என் தலைமுறையினர் அனைவர்க்கும் பொது. அதனைப் படித்துக்காட்டி உங்கள் பொழுதைக் கவர மாட்டேன். இம்மண்ணிலேயே விளைந்த ஒரு நூலில் தொடங்குகிறேன். அது தமிழ் நூலன்று, மலாய் நூலுமன்று.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் காடழித்துத் தோட்டம் போட்டார். 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கியவரும் அவரே. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். நாடெங்கும் பரவிய செம்பனை முதலில் வேர்விட்ட தோட்டத்திற்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழ்ப் பெயர்! இந்த விந்தையை எந்தப் பாடநூலிலாவது நம் பிள்ளைகள் படிக்கிறார்களா?

அந்தத் துரை எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் பிரான்சின் உயரிய கொன்கூர் பரிசைப் பெற்றது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது. நடுவயதில்தான் அதனைப் படித்தேன். முதலில் எழுந்தது வியப்பு. நான் நடந்த செம்மண் பாதை, நான் கேட்ட மழை, நான் அஞ்சிய காடு, அனைத்தும் உலக இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டன. பிறகு எழுந்தது ஒரு கேள்வி. மலாய் மக்களின் பந்துன் பாடல்களுக்கு அந்நூல் பேரிடம் தருகிறது. அவற்றின் அழகில் ஆசிரியர் உள்ளம் பறிகொடுக்கிறார். தமிழரும் அதில் வருகின்றனர். வேலையாட்களாக வருகின்றனர். நம்மவர் பாட்டுக்கு அந்தப் பேரிடம் கிடைக்கவில்லை.

இதற்காக அவர்மீது சினங்கொள்வது எளிது. நான் சினங்கொள்ளவில்லை. மேட்டிலிருந்த பங்களாவின் முகப்பிலிருந்து பார்ப்பவருக்கு எது தெரியுமோ அதனை நேர்மையாகவும் அழகாகவும் எழுதினார். லயத்து இரவு அங்கிருந்து கேட்டிருக்காது.

அந்த இரவில் என்ன இருந்தது? பெரிய எழுத்து நல்லதங்காள் கதை இருந்தது. அல்லியரசாணி மாலை இருந்தது. எங்கள் லயத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வல்லவர் இரண்டு மூன்று பேரே. ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கருகே அமர்ந்து இழுத்துப் பாடுவார், சுற்றியிருப்போர் கேட்பர். நல்லதங்காள் தன் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடம் வந்ததும், விடியலில் பெரட்டுக்கு எழ வேண்டிய பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். அவர்களில் பலருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வாசகர் என்ற சொல்லுக்கு என் மனத்தில் இன்றும் முதலில் வரும் உருவம் அவர்களுடையதே.

செய்தித்தாளும் இப்படித்தான் கேட்கப்பட்டது. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் ஒரு படி வந்தால், அதன் செய்தி லயம் முழுவதற்கும் போய்ச் சேரும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் அந்த ஏட்டில் பணியாற்றியவர் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. வயிற்றுக்கான கோரிக்கையோடு மானத்திற்கான கோரிக்கையையும் சேர்த்து வைக்க அந்த மக்களுக்கு எழுத்தும் துணைநின்றது என்பது என் துணிபு.

1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதே ஏட்டில் 'கதை வகுப்பு' நடத்தினர். தமிழகத்துத் தெருக்களையே எழுதிக்கொண்டிருந்த கைகள் பால்மரத்தை எழுதப் பழகின. பின்னர் அகிலன் இங்கு வந்து சென்று 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். பரிவு மிக்க நூல். எனினும் விருந்தினர் எழுதியது. சயாம் மரண ரயிலின் துயரத்தை 'நினைவுச்சின்னம்' என நாவலாக்கிய அ. ரெங்கசாமியைப் படித்தபோதுதான், எங்கள் லயத்துப் பெரியவர்கள் சிலர் ஏன் அந்த நாள்களைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார்கள் என்பது எனக்கு விளங்கிற்று. சிலாங்கூரின் தென்கோடியிலுள்ள லங்காட் கரையிலிருந்து வந்த அந்தக் குரல் வடகோடியிலிருந்த எனக்கு வீட்டுக் குரலாக ஒலித்தது.

இனி ஆசிரியர்களிடம் ஒரு சொல். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்கள் இடிந்தன. பெரட்டு, நிரை, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், ஆயக்கொட்டகை முதலிய சொற்கள் இன்றைய மாணவர்க்கு அயற்சொற்கள். அண்மையில் ஒரு பள்ளியில் தோட்டச் சிறுகதை ஒன்றைப் படிக்கக் கொடுத்தேன். முதற்பக்கத்திலேயே பிள்ளைகள் ஒன்பது சொற்களுக்குப் பொருள் கேட்டனர். அயல்மொழியில் எழுதிய துரையின் நாவலை ஆங்கிலம் அறிந்த மாணவன் தடையின்றிப் படித்துவிடுவான். அவன் பாட்டியைப் பற்றிய தமிழ்க் கதைக்கு உரை தேவைப்படுகிறது. பொருள் சொல்லக்கூடிய பாட்டிகள் இன்னும் சில இல்லங்களில் இருக்கின்றனர். ஆளுக்கு ஐந்து சொல் கேட்டு, அவர்கள் சொன்ன வாக்கியத்தோடு எழுதி வரும்படி இந்தத் தவணையிலேயே மாணவர்களைப் பணியுங்கள். அவ்வேடுகளைத் தொகுத்து அச்சுக்கு ஒழுங்குசெய்யும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.