சங்கீதம் எழுதிய பேனா



பண்டமாரானிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கோயில் திருவிழா என்றால் நாதசுரம் உண்டு, சில இடங்களில் பாட்டுக் கச்சேரியும் உண்டு. எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், “நமக்கென்ன சங்கீதம் தெரியும்?” என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்தக் கூச்சம் வேண்டியதில்லை என்று எழுதிக் காட்டியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி.

1899-இல் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த அவரை நாவலாசிரியராகவே நாம் அறிவோம். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் இசை விமரிசனம் எழுதியவரும் அவரே. பாடகர் எத்தனை பெரியவரானாலும், பாட்டு கேட்பவர் மனத்தில் பதிந்ததா என்றே பார்த்தார். சிரிக்கச் சிரிக்க எழுதினார். குறையைச் சொல்லவும் தயங்கவில்லை.

1941-இல், நாற்பது வயதைக் கடந்த பிறகு, அவர் விகடனை விட்டு விலகினார். மனைவி ருக்மிணி, ஒரு மகள், ஒரு மகன் என்று குடும்பம் இருந்தது. அந்த வயதில் நல்ல வேலையை விடுவது சாமானியமா? நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். அதற்கு முதல் தந்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற பணத்தை அவர் கொடுத்தார்.

அந்நாளில் தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத்தான் இடம் கிடைத்தது. கேட்பவருக்குப் பொருள் புரிய வேண்டாமா என்று கல்கி தமிழிசைக்காக வாதாடினார். 1945-இல் வெளிவந்த ‘மீரா’ படத்துக்குத் தாமே பாட்டும் எழுதினார். மகள் ஆனந்தியும் சதாசிவத்தின் மகள் ராதாவும் மேடையில் இணைந்து நடனமாடினார்கள். ‘சிவகாமியின் சபதம்’, ‘பொன்னியின் செல்வன்’ முதலிய நாவல்களும் இந்தப் பிற்காலத்தில் பிறந்தவையே.

1954 டிசம்பர் 5-ஆம் நாள், 55-ஆம் வயதில் அவர் காலமானார். ‘அலை ஓசை’ நாவலுக்கு 1956-இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தபோது அவர் இல்லை. ஆயினும் வீட்டில் எழுத்து நிற்கவில்லை. ஆனந்தி கதைகள் எழுதினார். மகன் ராஜேந்திரன் பல ஆண்டுகள் ‘கல்கி’யின் ஆசிரியராக இருந்தார். அவருக்குப் பின் பேத்தி சீதா ரவி அந்தப் பொறுப்பை ஏற்றார்.

பெற்றோர்களே, பெரியவர்கள் படிக்கும் வீட்டில் பிள்ளைகளும் புத்தகத்தைத் தொடுவார்கள். அதற்குப் பெரிய வசதி வேண்டாம். அடுத்த திருவிழாவில் கச்சேரி கேட்டுத் திரும்பியதும், “எந்தப் பாட்டு பிடித்தது? ஏன் பிடித்தது?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சொன்னதை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். பெண் பிள்ளையையும் மறவாமல் கேளுங்கள்.