பிள்ளைக்கு அப்பா திரும்ப வேண்டும்

(தூய்மைப் பணியாளர் குடியிருப்பு ஒன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் நழுவப் பார்க்கிறீர்கள். உட்காருங்கள். நான் திட்ட வரவில்லை. நம்மைத் திட்ட ஊரில் ஆளுக்கா பஞ்சம்? "அதுங்க குடிச்சே அழியுற ஜனம்" என்று சொல்கிறவர் மாலையில் ஏசி பாரில் உட்கார்ந்திருப்பார். அவர் குடித்தால் பழக்கம், நம் அண்ணன் குடித்தால் சாதிப் புத்தியாம். எந்தச் சாதியின் ரத்தத்திலும் குடி இல்லை. மலக்குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. இன்னும் இறக்குகிறார்கள். நாற்றம் தாங்க முடியாமல் குடித்துவிட்டு இறங்குகிறவனுக்குக் குடிகாரன் என்று பட்டமும் கொடுக்கிறார்கள்.

விற்பது யார்? 2003 நவம்பர் முதல் டாஸ்மாக் வழியாக அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு. கடையை நடத்துகிற அரசு, குடிநோய்க்கு இலவச சிகிச்சையும், சிகிச்சை நாட்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளமும் தர வேண்டும். இது நம் கோரிக்கை.

ஆனால் கோரிக்கை நிறைவேறும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளை காத்திருக்குமா? எட்டு வயதுப் பிள்ளை அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைக் கண்டுபிடித்துவிடும். சத்தம் சரியில்லை என்றால் நோட்டை மூடிவிட்டுத் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்ளும். அதனிடம் போய்ச் சாதியையும் டாஸ்மாக்கையும் காரணம் சொல்ல முடியாது.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு ஏற்ற 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அடுத்தவன் மெச்சுவதற்காக அதைச் சேர்க்கவில்லை. நம் சுயமரியாதைக்காகச் சேர்த்தார்.

எப்படி விடுவது? குடி அடிமைத்தனம் ஒரு நோய். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாத உருவங்கள் தெரியும். உயிரே போகலாம். அதனால் கோயிலில் கயிறு கட்டிவிட்டு வீட்டில் படுக்கப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலக்காதீர்கள். அந்த மருந்தின் மேல் குடித்தால் பெரிய ஆபத்து. 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

அண்ணன்மார்களே, நிறுத்திய மறுவாரமே பிள்ளை ஓடிவந்து மடியில் உட்காரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது தள்ளி நின்று பார்க்கும். "அதான் விட்டுட்டேனே!" என்று கத்தினால் அதற்குப் பழைய குரல்தான் கேட்கும். சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்ல வேண்டாம். ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள், ஆறு மணிக்கு வந்து நில்லுங்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் நீங்கள் போங்கள். இப்படிப் பல மாதம் நடந்தால்தான் பயம் போகும். நடுவில் ஒருநாள் சறுக்கினால் ஒளிக்காமல் மறுநாளே மருத்துவரிடம் போங்கள். சறுக்கியவர்கள் பலர் மீண்டிருக்கிறார்கள்.

தாய்மார்களே, நோய் என்று நான் சொன்னதால் அடியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமில்லை. நோயாளிக்கும் அடிக்கும் உரிமை கிடையாது. கை ஓங்கினால் 181க்குப் பேசுங்கள். பிள்ளையைக் கடை வாசலுக்கு அனுப்பி அப்பாவைக் கூட்டிவரச் சொல்லாதீர்கள்.

நிலமும் படிப்பும் தராமல் நம்மை வைத்திருந்தது சாதி. பிள்ளையிடமிருந்து அப்பாவையும் அது எடுத்துக்கொள்ள விடக் கூடாது.

சிகிச்சைக்குப் போக நினைக்கிறவர்கள் மேடையேறிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் கலைந்ததும் என் காதில் சொன்னால் போதும். நாளைக் காலை ஓ.பி. சீட்டு வாங்க நம் தோழர் ஒருவர் கூடவே வருவார்.