குழாய்க்காரர்களின் நடுநிலை

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசக வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் இருபது வருஷத்துக்கும் மேலாக நடந்துவரும் ஒரு சண்டையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணைய நடுநிலை. கம்பி வழியாகப் போகிற எதையும் கம்பிக்குச் சொந்தக்காரன் தடுக்கக் கூடாது, வேண்டுமென்றே மெதுவாக்கக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு ஒருத்தனை முன்னால் விடக் கூடாது. கோரிக்கை இவ்வளவுதான்.

இதை எதிர்ப்பவர்கள் என்று கேபிள் டி.வி. கம்பெனிகளையும் டெலிபோன் கம்பெனிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஆனால் இரண்டு பேரும் எப்போதும் ஒரே இடத்தில் நின்றதில்லை. நான் வங்கியில் குமாஸ்தா. ஒருத்தன் எதற்குப் பயப்படுகிறான் என்று தெரிய அவன் பேச்சைக் கேட்பதைவிட வரவுப் பக்கத்தைப் பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம். கேபிள்காரனுடைய பழைய வரவு டி.வி. சந்தா. டெலிபோன்காரனுடைய பழைய வரவு பேச்சுக் கட்டணம். இணையம் இரண்டையும் தின்ன வந்தது. தன் வரவை எது தின்னுமோ அதன் மேல்தான் ஒவ்வொருத்தனும் கை வைத்தான்.

மாடிசன் ரிவர் என்று வட கரோலினாவில் ஒரு டெலிபோன் கம்பெனி. இணையம் வழியாகக் குறைந்த செலவில் பேசவைத்த வானேஜ் சேவையைத் தன் கம்பியில் மறித்தது. மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் தலையிட, 2005 மார்ச்சில் 15,000 டாலர் கட்டி ஒதுங்கியது. கேபிள்காரனான காம்காஸ்ட் மறித்தது பேச்சை அல்ல. ஜனங்கள் தங்களுக்குள் படங்களையும் வீடியோக்களையும் பகிர்ந்துகொண்ட பிட்டாரண்ட் இணைப்புகளை அது இடையில் புகுந்து முறித்தது 2007இல் வெளியே வந்தது. முதலில் இல்லவே இல்லை என்றார்கள், பிறகு ‘நெரிசல் மேலாண்மை’ என்றார்கள். அவர்கள் காசுக்கு விற்கிற வீடியோவுக்கு இது போட்டி என்பதை 2008இல் ஆணையமே சுட்டிக்காட்டியது.

இவர்கள் நின்ற இடம் வேறாக இருந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1934ஆம் வருஷத்துத் தகவல்தொடர்புச் சட்டத்தின்படி டெலிபோன் கம்பெனி பொதுச் சுமப்பாளர். யார் கொடுத்தாலும் பாரபட்சமில்லாமல் சுமந்து போய்ச் சேர்க்க வேண்டியவன். இணையம் வந்தபோது அந்தக் கடமை அவனுடைய டி.எஸ்.எல். கம்பிக்கும் தொடர்ந்தது; போட்டிக் கம்பெனிக்கும் கம்பியைத் திறந்துவிட வேண்டியிருந்தது. கேபிள் இணையத்தை மட்டும் 2002இல் ஆணையம் ‘தகவல் சேவை’ என்று பெயர் மாற்றி அந்தக் கடமையிலிருந்து விடுவித்தது. 2005 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அதை ஏற்றது. உடனே டெலிபோன்காரன் கேட்டான்: ‘அவனுக்கு இல்லாத சட்டம் எனக்கு மட்டும் எதுக்கு?’ நியாயமான கேள்விதானே? ரெண்டு பேருக்கும் சட்டத்தைப் போட்டிருக்கலாம். 2005 ஆகஸ்டில் ரெண்டு பேருக்கும் எடுத்துவிட்டார்கள். சமத்துவம் என்கிற சொல்லை இப்படியும் பயன்படுத்த முடியும், தோழர்களே.

அதற்குப் பிறகு டெலிபோன்காரன் வெளிப்படையாகப் பேசினான். என் குழாயைக் கூகுளும் வானேஜும் ஓசியில் பயன்படுத்த ஏன் விடணும் என்ற பொருளில் எஸ்.பி.சி. தலைவர் எட் விட்டேக்கர் 2005 நவம்பரில் பேட்டி கொடுத்தார். வீட்டுக்காரன் ஏற்கனவே மாதாமாதம் இணைப்புக்குப் பணம் கட்டுகிறான் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கேபிள்காரன் மொழி மென்மையானது. நாங்கள் யாரையும் தடுக்கமாட்டோம், ஆகவே சட்டம் தேவையில்லை என்று 2006 பிப்ரவரியில் கேபிள் சங்கம் செனட் குழு முன் சொன்னது. அடுத்த வருஷம் நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

2010 டிசம்பரில் ஆணையம் விதிகள் கொண்டுவந்தபோது வெரிசான் வழக்குப் போட்டது, காம்காஸ்ட் போடவில்லை. 2014 ஜனவரியில் நீதிமன்றம் விதிகளைச் சாய்த்த பிறகும், நாங்கள் மட்டும் 2018 வரை அவற்றுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று காம்காஸ்ட் விளம்பரமே செய்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. என்.பி.சி. யுனிவர்சலை வாங்க 2011இல் அனுமதி பெற்றபோது தலையில் ஏற்றப்பட்ட நிபந்தனை அது. நிபந்தனையைக் கொள்கையாக எழுதிக்கொண்டார்கள்.

2015 பிப்ரவரி 26 அன்று ஆணையம் 3க்கு 2 என்று இணையத்தை மறுபடி பொதுச் சுமப்பின் கீழ் கொண்டுவந்தது. அன்றோடு வேறுபாடு மறைந்தது. கேபிள் சங்கமும் டெலிபோன் சங்கமும் செல்போன் சங்கமும் சேர்ந்தே வழக்குக்குப் போயின. 1934ஆம் வருஷத்துச் சட்டமா என்று கேலி செய்ய வெரிசான் தன் அறிக்கையை மோர்ஸ் தந்திக் குறியில் வெளியிட்டது. பழைய சட்டம்தான். யார் போகலாம், யார் போகக் கூடாது என்று சொந்தக்காரன் முடிவு செய்யக் கூடாது என்பதும் பழைய கோரிக்கைதான். அது இன்னும் நிறைவேறவில்லையே.

2016இல் விதிகள் நீதிமன்றத்தில் வென்றன. 2017 டிசம்பரில் ஆணையமே நீக்கியது. 2024 ஏப்ரலில் மீண்டும் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 2இல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. கலிபோர்னியாவின் 2018ஆம் வருஷத்துச் சட்டம் போல மாநிலச் சட்டங்கள்தான் மிச்சம்.

இதில் அடிபடுவது யார்? 2010 விதிகளில் செல்போன் இணையத்துக்கு மட்டும் பாதுகாப்பு குறைவு. அப்படித்தான் வேண்டும் என்று அந்த ஆகஸ்டில் வெரிசானும் கூகுளும் சேர்ந்து முன்மொழிந்திருந்தன. வீட்டுக் கம்பி இணைப்பு இல்லாமல் செல்போனை மட்டும் நம்பி இருப்பவர்களில் ஏழைகளும் கறுப்பின மக்களும் அதிகம். கம்பிக்காரர்களுக்கு ஒரு நீதி, கம்பியில்லாதவர்களுக்கு ஒரு நீதி.

கறுப்பின அமைப்புகளே இதில் இரண்டாகப் பிரிந்தன. 2014இல் என்.ஏ.ஏ.சி.பி., நேஷனல் அர்பன் லீக் போன்ற மூத்த அமைப்புகள் பொதுச் சுமப்பு வேண்டாம் என்றன. கட்டுப்பாடு வந்தால் ஏழைகள் பகுதியில் கம்பி இழுக்க முதலீடு வராது என்பது வாதம். பசியோடு இருப்பவர்களின் அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் இந்த அமைப்புகள் இதே கம்பெனிகளிடம் நன்கொடை பெற்றவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கலர் ஆஃப் சேஞ்ச் போன்ற இளைய அமைப்புகள் எதிர்ப்பக்கம் நின்றன. பெரிய பத்திரிகையும் டி.வி.யும் எங்களைப் பேசவிட்டதில்லை, இந்த வழியும் அடைபட்டால் எங்கே பேசுவது என்பது அவர்கள் கேள்வி. பிளாக் லைவ்ஸ் மேட்டர் பிறந்ததே இந்த வழியில்தான்.

ஏழைக்கு இது போதும் என்கிற குரலை இந்தியாவிலும் கேட்டோம். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய பேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸை 2016 பிப்ரவரி 8இல் டிராய் ஆணை நிறுத்தியது. லட்சக்கணக்கில் ஜனங்கள் எழுதிப்போட்ட பிறகுதான்.

கேபிள்காரன் நல்லவனா, டெலிபோன்காரன் நல்லவனா என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். இரண்டு முதலாளிகளின் சண்டையில் கிடைக்கிற சந்து உரிமை ஆகாது. அவர்கள் சமாதானமானால் அது மூடிக்கொள்ளும், 2015இல் பார்த்தோம். யார் எந்த அறிக்கை விட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: உன் பழைய வரவு எது? இந்த விதி உன்னைக் கட்டுமா, உன் போட்டிக்காரனை மட்டும் கட்டுமா? நீ கொடுக்கிற வாக்குறுதியைச் சட்டத்தில் எழுதச் சம்மதமா? மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று வாயைத் திறந்தவர்கள் மிகக் குறைவு.