நங்கூரம் எங்கே போடுவது?

பாய்மரப் படகில் ஊர் ஊராகச் சுற்றுவது பணக்காரர்கள் சங்கதி, நமக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு.

முதலில் கிரேக்க நாட்டைப் பார்ப்போம். கோடைக்காலத்தில் இப்படகுகள் அங்கே தீவுக்குத் தீவு போகும். ஹைட்ரா போன்ற சின்னத் துறைமுகத்தில், மாலையானால் படகோடு படகு உரசி நிற்கும். கடையும் பாட்டும் கூட்டமுமாக இருக்கும். சத்தம் பிடிக்காதவர்கள் ஆளில்லாத குடா ஒன்றில் நங்கூரம் போடுவார்கள். அங்கே வீசும் வாடைக்காற்றுக்கு மெல்தெமி என்று பெயர். அது பெரும்பாலும் தெளிந்த வானத்தில், பகலில் வலுக்கும். கடல் ஏற்றவற்றமும் அங்கே மிகக் குறைவு.

நம் மலாக்கா நீரிணை அப்படியல்ல. லங்காவி, பங்கோர், போர்ட் டிக்சன், மலாக்கா, சிங்கப்பூர் என்று இங்கும் படகுகள் போகின்றன. போர்ட் டிக்சனிலிருந்து மலாக்காவுக்குச் சுமார் 30 கடல் மைல். மணிக்கு 5 மைல் வீதம் ஓடினால் 6 மணி நேரம். வழியில் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் தெரியும். நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. பகலிலேயே ஓடி முடிப்பது நல்லது. இரவில் மீன்வலைகளும் விளக்கில்லாத சம்பான்களும் கண்ணுக்குத் தெரியா.

மலாக்கா நகரத்தில் பார்க்க நிறைய உண்டு. சுல்தான் ஆட்சியில், வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க இங்கே நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து பருவக்காற்றில் வந்த நம்மவர்களின் வழிவந்தோர்தாம் மலாக்கா செட்டிகள். ஆனால் நங்கூரம் போட இந்த ஊர்க்கரை தோதானது அல்ல. ஆற்றுவாயில் ஆழம் குறைவு. வெளியே, தென்மேற்கு முழுவதும் திறந்த கடல். பெரிய மரக்கலங்களும் அந்நாளில் வெளியேதான் நின்றன. சரக்கு சிறுபடகில்தான் கரைக்கு வந்தது.

தென்மேற்கு திறந்திருந்தால் என்ன கெடுதல்? இங்கேதான் தோட்டத்து விஷயம் வருகிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்களுக்கு நினைவிருக்கும். மேற்கே வானம் மையாகக் கறுக்கும். சில்லென்று ஒரு காற்று வரும். பிறகு அடித்து ஊற்றும். மரம் நனைந்துவிட்டால் வெட்டு ஏது? எத்தனை காலைகளில் என் அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்! அந்தக் காற்றைத்தான் கடலோடிகள் சுமத்ரா என்கிறார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் மேற்கிலிருந்து வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்குள், தூங்குகிற படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கரையில் போய் மோதிவிடலாம்.

ஆகையால் விவரமறிந்தவர்கள் பகலில் நகரத்தைப் பார்த்துவிட்டு, ஏழு கடல் மைல் தள்ளி, உம்பாய்க்கு எதிரே இருக்கும் புலாவ் பெசாருக்குப் போய்விடுவார்கள். தர்காவுக்கென்று நம் மக்கள் பலர் போய்வந்த தீவுதான். அமைதிக்காக மட்டும் போவதில்லை. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே நின்றால் தென்மேற்குக் காற்றுக்குத் தீவு மறைவாகும். நங்கூரம் நழுவினாலும் படகு தீவில் மோதாது. பெருநிலக் கரை வரை விழித்துக்கொள்ள இடம் இருக்கிறது.

சங்கிலியின் நீளத்துக்குக் கணக்கு உண்டு. வற்றத்தில் ஆழம் 6 மீட்டர், ஏற்றத்தில் 2 மீட்டர் கூடும், படகின் முகப்பு நீருக்கு மேல் 1 மீட்டர் என்று வையுங்கள். மொத்தம் 9. அதைப்போல் ஐந்து மடங்கு, 45 மீட்டர் விடவேண்டும். சங்கிலி நீளமாகக் கிடந்தால்தான் இழுப்பு படுக்கையாக வரும். நங்கூரம் சேற்றில் மேலும் புதையும். சங்கிலியை நேர்குத்தாக நிறுத்தினால் நங்கூரம் பெயர்ந்துவிடும். நீரோட்டம் திரும்பும்போது படகும் வட்டமடிக்கும், ஆகவே பக்கத்துப் படகுக்கு அதற்குரிய இடம் விடவேண்டும்.

பிறகு தூங்கலாம். ஆனால் மேற்கே மின்னல் தெரிந்தால் ஒருவர் எழுந்து மேல்தட்டில் உட்காரவேண்டும். விடிந்ததும் சங்கிலியோடு கறுஞ்சேறு மேலே வரும். அதைக் கழுவிவிட்டுத்தான் காலைக் கோப்பி.