மறியற்சாலையும் மனநோயும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

ஆண்டு விழா மேடையில் கல்வியைப் பற்றியோ கலையைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நான் மறியற்சாலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன அலுவல் என்று சிலர் எண்ணக்கூடும். மனநோய் குடும்பம் பார்த்து வருவதில்லை. அந்நோய் கொண்டவன் மறியலுக்குப் போவதற்கு அவன் கெட்டவனாயிருக்க வேண்டுமென்பதுமில்லை. இவ்விரண்டையும் உங்கள் முன் விளக்குவதே என் நோக்கம்.

நம்மூரில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று விசரன்; மற்றது கள்ளன். உறக்கமின்றி இரவில் அலைந்து அயலவர் வேலிக்குள் நுழைந்த ஒருவனை, முதலிற் கண்டவர் எந்தச் சொல்லைச் சொல்லிக் கூவுகிறாரோ, அதுவே பல வேளைகளில் அவன் தலைவிதியை நிச்சயித்துவிடுகிறது. விசரன் என்றால் வைத்தியசாலை. கள்ளன் என்றால் பொலிஸ் நிலையம், நீதவான் மன்று, விளக்கமறியல். நோய் ஒன்றே; போகும் வாசல் மாத்திரம் வேறு.

சட்டம் இதனை அறியாததன்று. 1843ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த மக்நோட்டன் வழக்கு இவ்விஷயத்தில் ஒரு விதியை வகுத்தது. அதன் வழியே நமது நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையும், சித்தசுவாதீனமின்மையால் தான் செய்யும் செயல் இன்னதென்றோ, அது தவறானதென்றோ அறிய மாட்டாதவன் செய்தது குற்றமாகாது என்று 77ஆம் பிரிவிற் கூறுகின்றது. அதற்குப் பத்தாண்டு முன்னதாக, 1873ஆம் ஆண்டிலேயே, மனநோயாளரைப் பற்றிய கட்டளைச் சட்டம் ஒன்றும் இங்கே வந்துவிட்டது. ஆயினும் அதே சட்டம் நெடுங்காலமாக, துயரந் தாங்காது உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவனையும் குற்றவாளியென்றே எண்ணியது. ஆறுதல் சொல்ல வேண்டியவனுக்கு அழைப்பாணை கொடுத்த காலம் அது. 1998ஆம் ஆண்டிலேதான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

நல்ல பிரிவுகள் புத்தகத்தில் இருந்தாற் போதாது. இவன் நோயாளி என்று கண்டு சொல்ல ஒருவர் வேண்டும். கொலை வழக்கென்றால் நியாயவாதிகள் அதை எடுத்துப் பேசுவார்கள். சிறு களவு, தெருவிற் சச்சரவு, குடிவெறி என்று வந்தவனுக்காக யார் பேசுகிறார்கள்? அபராதங் கட்டவும் பிணை நிற்கவும் ஆளில்லாதவன் உள்ளே இருந்துவிடுகிறான்.

இளைஞர்களே! இவ்வாறு உள்ளே இருந்தவர்களை உலகுக்குக் காட்டிய ஒரு பெண்மணியைப் பற்றிக் கூறுகிறேன். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த டொரத்தியா டிக்ஸ் என்பவர் வைத்தியருமல்லர், நியாயவாதியுமல்லர், ஓர் ஆசிரியை. 1841ஆம் ஆண்டில், கிழக்குக் கேம்பிரிட்ஜ் மறியற்சாலைப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பு நடத்தப் போனார். போன இடத்திலே, எக்குற்றமும் செய்யாத மனநோயாளரைக் கடுங்குளிரில் கணப்பு இல்லாத அறைகளில் அடைத்திருக்கக் கண்டார். கண்டதோடு வீடு திரும்பி வருந்திக்கொண்டிருக்கவில்லை. மாகாணமெங்குமுள்ள மறியற்சாலைகளையும் ஏழை விடுதிகளையும் நேரிற் பார்த்துக் குறிப்பெடுத்து, 1843ஆம் ஆண்டில் சட்டசபைக்கு ஒரு விண்ணப்பமாகச் சமர்ப்பித்தார். வைத்தியசாலைகள் பெருகுவதற்கு அது வழி செய்தது. சமய வகுப்பு நடத்தப் போனவர் கண்ணைத் திறந்து பார்த்ததனால் விளைந்த நன்மை அது.

பின்பு 1939ஆம் ஆண்டில் லயனல் பென்ரோஸ் என்னும் அறிஞர் ஐரோப்பிய நாடுகள் 18ஐ ஒப்பிட்டு ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். மனநோய்க்கான படுக்கைகள் குறைந்த நாடுகளில் மறியற்காரர் தொகை கூடியிருந்தது. இதற்கு விலக்குகளும் உண்டு. ஆனால் அமெரிக்காவின் பிற்காலச் சரித்திரம் அதற்கு உரை எழுதினாற் போலாயிற்று. பெரிய மனநோய் வைத்தியசாலைகளை மூடினார்கள்; ஊர்தோறும் அமைப்பதாகச் சொன்ன சிகிச்சை நிலையங்களைப் போதிய அளவு அமைக்கவில்லை. நோயாளர் பலர் கவுண்டி எனப்படும் பிரதேச நிர்வாகங்களின் மறியற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தனர். 2015ஆம் ஆண்டில், சிக்காகோ நகரிலுள்ள குக் கவுண்டி மறியற்சாலைக்கு நெனீக்கா ஜோன்ஸ் தப்பியா என்னும் உளவியலாளரையே தலைமை அதிகாரியாக நியமித்தார்கள். நோய் அறிந்தவர் கையிலே சாவியைக் கொடுக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது என்க.

மறியற்சாலையில் மனநோய் வைத்தியத்தை நடத்துபவர் செய்ய வேண்டியது என்ன? நான்கு காரியங்களைச் சொல்வேன்.

முதலாவது, வாசலிற் செய்யும் விசாரணை. வந்த அன்றே, என்ன மருந்து எடுத்தாய், எவ்வளவு குடிப்பாய், முன்பு உயிரை வெறுத்ததுண்டா என்று கேட்டறிய வேண்டும். விளக்கமறியலின் முதல் நாட்களே உயிருக்கு ஆபத்துக் கூடிய நாட்கள். தினமும் கசிப்பில் மூழ்கியிருந்தவனுக்குக் குடி திடீரென நின்றால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சி புழுக்களையெல்லாம் கண்டு அலறுவான். அதைப் பேய் என்பாரும் உளர். நடிப்பு என்பாரும் உளர். அது உயிரையே பறிக்கக்கூடிய ஒரு நோய்நிலை. அமைதிப்படுத்தும் மருந்தும் பி1 உயிர்ச்சத்தும் உரிய நேரத்திற் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான்.

இரண்டாவது, அன்றாடக் கவனிப்பு. வைத்தியர் வாரத்தில் சில மணி நேரமே பார்க்கிறார். காவலரோ இரவு பகலாகப் பார்க்கிறார். ஒருவன் உண்ணாமலிருப்பதையும், சுவரோடு கதைப்பதையும் முதலிற் காண்பவர் அவரே. ஆகவே காவலருக்குப் பயிற்சி கொடுப்பது மருந்து கொடுப்பதற்குக் குறைந்ததன்று. சத்தமிடுகிறான் என்று தனியறையிற் பூட்டி மறந்தால் நோய் மிகும்.

மூன்றாவது, முடிவு யாருடையது என்பது. 1955ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மறியற்காரர் பற்றிய விதிகளை ஐக்கிய நாடுகள் சபை 2015ஆம் ஆண்டில் திருத்தி, நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயரிட்டது. வெளியிலுள்ளவர்க்குக் கிடைக்கும் வைத்தியத்தின் தரமே உள்ளிருப்பவர்க்கும் கிடைக்க வேண்டும் என்கிறது 24ஆம் விதி. வைத்தியம் பற்றிய முடிவை வைத்தியரே செய்ய வேண்டும், மறியற்சாலை அதிகாரி அதை மாற்றலாகாது என்கிறது 27ஆம் விதி. குற்றப் பொறுப்பு இல்லாதவரென்று காணப்பட்ட மனநோயாளரை மறியலில் வைக்கலாகாது என்பது 109ஆம் விதி. சாவி அதிகாரியிடம் இருக்கட்டும். மருந்துச்சீட்டு வைத்தியரிடம் இருக்கட்டும்.

நான்காவது, விடுதலை நாள். இதுவே பலரும் மறந்துபோகும் காரியம். விளக்கமறியற்காரன் வழக்குக்குப் போன இடத்திலேயே பிணையில் விடப்படலாம். அவன் மருந்தும் அட்டையும் உள்ளேயே கிடக்கும். மாதமொருமுறை போட வேண்டிய ஊசி தவறும். நோய் திரும்பும், வேலி பாய்வான், மறுபடியும் பொலிஸ். ஆகவே எந்த வைத்தியசாலைக் கிளினிக்குக்கு, எந்த நாளில், யாருடன் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி, வீட்டாருக்கு அறிவித்திருத்தல் வேண்டும்.

இனி, எமது பிரதேசத்துக்கு வருவோம். கோட்டைக்குள் மறியற்சாலை இருந்ததைப் பெரியோர்கள் அறிவார்கள். யுத்தத்தின் பின், பண்ணைப் பகுதியில் அது புதிதாக அமைந்தது. நெடுங்காலம் மனநோய் என்றதும் நமக்கு நினைவு வந்தது அங்கொடை ஒன்றே. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். தூரத்தைக் காட்டிலும் பெரிய தடை பாஷை. மற்ற நோய்க்கு நாடி பார்க்கலாம், இரத்தம் சோதிக்கலாம். மனநோய்க்கு நோயாளியின் பேச்சே நாடி. அவன் பேச்சு விளங்காத இடத்தில் நோயை எப்படி நிதானிப்பது?

இந்த நிலை மாற உழைத்தவர்கள் நம்மிடையே உண்டு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் யுத்த காலத்திலும் இங்கிருந்து பணி செய்தார்கள். ‘மனவடு’ என்ற அவருடைய நூல், போர் மனத்தை எவ்வாறு வருத்துகிறது என்பதைத் தமிழிலேயே விளக்கியது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநோய்ச் சிகிச்சை வளர்ந்தது. சாந்திகம் போன்ற நிலையங்கள் ஆற்றுப்படுத்தும் பணியை மேற்கொண்டன. 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கையும், அங்கொடையிற் குவிக்காமல் மாவட்டந்தோறும் சிகிச்சை வேண்டும் என்றது. இவ்வளவும் வேலிக்கு வெளியே. மறியற்சாலைச் சுவருக்குள்ளும் அது முழுமையாகப் போய்ச் சேர வேண்டும்.

சேராவிட்டால் என்ன ஆகும்? இந்தியாவில் அசாம் மாகாணத்தில் மச்சாங் லாலுங் என்றொரு கிராமவாசி இருந்தார். 1951ஆம் ஆண்டில் கைது செய்யப்பட்டு, மனநோயாளரென்று தேஸ்பூர் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். 1967ஆம் ஆண்டில், சுகமாகிவிட்டார் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவரை வீட்டுக்கு விடவில்லை, மறியற்சாலைக்கு மாற்றினார்கள். விசாரணையே நடவாமல் 2005ஆம் ஆண்டில் ஒரு ரூபாய்ப் பிணையில் வெளியே வந்தார். ஐம்பத்து நான்கு வருஷங்கள்! சங்கிலி போட்டுக் கட்டியவர் யாருமில்லை. எல்லோரும் மறந்தார்கள், அவ்வளவே. சங்கிலியின் கொடுமையையும் அறிவோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் திகதி, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் விடுதியொன்று தீப்பற்றியபோது, கட்டப்பட்டிருந்த மனநோயாளர் இருபத்தைந்து பேருக்கு மேல் ஓட வழியின்றி மாண்டனர். மறதியும் ஒரு சங்கிலியே.

பெரியோர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவர் உறக்கங் கெட்டு, தனியே கதைத்து, எவரையுஞ் சந்தேகித்தால், கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று மறைக்காதீர்கள். கோயிலில் நேர்த்தி வையுங்கள், நூலும் கட்டுங்கள், கூடவே கிளினிக்குக்குங் கூட்டிச் செல்லுங்கள். தொந்தரவு தாங்காமற் பொலிசுக்குச் சொல்ல நேர்ந்தால், இவர் இன்ன வைத்தியசாலையில் மருந்தெடுப்பவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவரைச் சரியான வாசலுக்கு அனுப்பும். அவர் வெளிவரும் நாளில், ‘எங்களுக்கும் அவனுக்கும் ஒன்றுமில்லை’ என்று கதவடைக்காதீர்கள். வைத்தியர் நோயைத் தணிக்கலாம். வீட்டுக் கதவைத் திறக்க அவரால் ஆகாது.

இளைஞர்களே! உங்களுக்கு மூன்று வேலைகள். அனுமதி பெற்று, திருவிழாக் காலத்திலாயினும் மறியற்சாலைக்குச் சென்று வாருங்கள்; கூட்டுப் பிரார்த்தனை முடிந்ததும் யாரும் பார்க்க வராதவர் யாரென்று கேளுங்கள். உங்கள் கிராமத்துக்குத் திரும்பியவரை மாதமொருமுறை சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மூன்றாவது வேலைக்குக் காசும் வேண்டாம், நேரமும் வேண்டாம். விசரன் என்று ஒருவனை விளித்துச் சிரிப்பதை விட்டுவிடுங்கள்; அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.