சாத்தே விருந்தில் பெரியவர்கள் முதலில் சாப்பிட வேண்டும்



மூவார்க்காரர்களுக்குச் சாத்தேயைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையிலேயே சாத்தே பசியாறும் ஊர் நம்முடையது. ஆனால் வீட்டில் சாத்தே சுடும் நாள் வேறு மாதிரி. பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து சேர வேண்டும், கரி பிடிக்க வேண்டும், நூறு குச்சிகளைப் புரட்டிச் சுட வேண்டும். சாப்பாடு இரவு ஒன்பது மணியைத் தாண்டிவிடும். அப்போதும் பெரியவர்கள், "முதலில் பேரப்பிள்ளைகள் சாப்பிடட்டும், நமக்கு அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருப்பார்கள்.

இந்தக் காத்திருப்பில்தான் ஆபத்து இருக்கிறது. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் உள்ளது. இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருந்து எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். அடுப்பருகே இருப்பதால் வியர்க்கிறது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். தெளிந்ததும் சாப்பிடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999ஐ அழையுங்கள்.

இந்த நிலை வராமல் தடுக்க வழி எளிது. விருந்து நாளிலும் வழக்கமான நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள். முதலில் வெந்த குச்சிகளை உங்களுக்குத் தரும்படி கூச்சப்படாமல் கேளுங்கள். பிறகு எல்லாரோடும் உட்கார்ந்து பேசலாம். மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். சாப்பாடு தாமதமாகும் நாளில் என்ன செய்வது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சமையல். சில வீடுகளில் மாட்டிறைச்சி, சில வீடுகளில் ஆடு அல்லது கோழி. எதுவானாலும் கவனம் ஒன்றுதான்.

கொழுப்பை நீக்கி, நாருக்குக் குறுக்காகச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். பல் இல்லாதவர்களும் மெல்லலாம். உப்பு, சீனி பார்ப்பதாக இருந்தால் இறைச்சி போடுவதற்கு முன்பே மசாலாவை ருசி பாருங்கள். இறைச்சி ஊறும் நேரம் முழுவதும் ஐஸ் பெட்டிக்குள் இருக்கட்டும். 5 முதல் 60 பாகை வரையுள்ள வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் சமையலறை மேசை எப்போதும் அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது.

செரையின் அடியைத் தட்டி, அதையே தூரிகையாக்கி எண்ணெய் தடவுவது நம் பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் பச்சை இறைச்சி ஊறிய மசாலாவில் அதைத் தோய்த்து, வெந்த சாத்தேயின் மேல் தடவக்கூடாது. தடவுவதற்குத் தனிக் கிண்ணத்தில் எண்ணெய் வையுங்கள். வெந்ததைப் பச்சை இறைச்சி இருந்த தட்டிலும் அடுக்காதீர்கள்.

கரியின் மேல் சாம்பல் பூத்த பிறகு சுடத் தொடங்குங்கள். கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையிலும், கருகிய பகுதியிலும் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடிய பொருள்கள் உண்டு. அடிக்கடி புரட்டுங்கள்; கருகியதை வெட்டி எறியுங்கள். கருகக்கூடாது என்பதற்காக அரைவேக்காட்டில் எடுத்துவிடவும் வேண்டாம். உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்கு வேக வேண்டும். மழை வந்தால் அடுப்பை வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். மூடிய இடத்தில் கரிப்புகையின் நச்சு வாயு உயிரையே பறிக்கும்.

கடைசியாக, தட்டு. சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" முறை சாத்தேக்கும் பொருந்தும். தட்டில் கால் பங்கு கெத்துப்பாட், கால் பங்கு இறைச்சி, மீதி அரைத் தட்டு வெள்ளரிக்காயும் மற்றக் காய்கறிகளும். கச்சான் குழம்பில் சீனி, உப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அதை மேலே ஊற்றாமல், சிறு கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துத் தொட்டுச் சாப்பிடுங்கள். இறைச்சியைக் குச்சியிலிருந்து உருவி எடுத்து, நிதானமாக மென்று விழுங்குங்கள். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகச் சூடாக்கிய பிறகே சாப்பிடுங்கள்.

பெரியோர்களே, பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தே பழகியவர்கள் நீங்கள். சாப்பாட்டு நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருந்தால்தான் அந்த விருந்தில் எல்லாருக்கும் நிம்மதி.