விற்றால்தான் கூலி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நமது காலனித் தாய்மார்கள் சென்ற ஓராண்டாக அப்பளமும் ஊறுகாயும் செய்து விற்று வருகிறார்கள். இனி வெள்ளறடை, பனச்சமூடு, காரக்கோணம் ஆகிய ஊர்களிலும் விற்க எண்ணுகிறார்கள். சம்பளம் கொடுக்க வசதியில்லை. ஆகவே கமிஷனுக்கு மட்டும் உழைக்கும் ஏஜண்டுகளைத் தேடலாம் என்கிறார்கள். அது குறித்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நாம் பத்தாம் வகுப்போடு நின்ற இரயில்வே குமாஸ்தா. வாணிபம் கற்றவர் அல்லோம். ஆயினும் பட்ட அனுபவம் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டு எலுமிச்சை ஊறுகாயில் 40 பாட்டில்களை ஓர் அன்பரிடம் ஒப்படைத்தோம். விற்றால் நூற்றுக்குப் பதினைந்து. விற்காவிடில் ஒன்றுமில்லை என்பது பேச்சு. நமக்குச் செலவே இல்லையென்று மகிழ்ந்தோம். மூன்று மாதமாகியும் பணம் வரவில்லை. கேட்டபோது, பஸ் கட்டணத்திற்கும் வீட்டுச் செலவிற்கும் எடுத்துவிட்டதாகச் சொல்லித் தலைகுனிந்தார். நாம் ஏசிவிட்டோம். பிறகுதான் உறைத்தது. ரசீதின்றி ஒரு பார்சலும் நகராத ஆபீஸில் வேலை பார்க்கும் நாம், துண்டுச் சீட்டுமின்றி 40 பாட்டில்களைக் கொடுத்திருந்தோம். விற்காத நாளில் அவர் நடந்த நடைக்கு யார் கூலி தருவது என்பதையும் எண்ணவில்லை. இன்றும் அவர் நம்மைக் கண்டால் எதிர்ப்புறம் ஒதுங்கிப் போகிறார். போனது பணம் மட்டுமன்று.

ஆகவே கமிஷன் ஏஜண்டை அமர்த்துமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: விற்காத நாளின் செலவு யாருடையது? இதற்கு நம் கண்முன் மூன்று விடைகள் உள்ளன.

முதலாவது, லாட்டரி. கேரள அரசு லாட்டரி 1967இல் தோன்றியது. அன்று சீட்டு விலை 1 ரூபாய். முதற்பரிசு 50,000 ரூபாய். 2003இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தபின், எல்லைக்கு இப்பால் மட்டுமே சீட்டுக் கடைகள் உள்ளன. சீட்டு விற்பவர் தம் பணத்தை முன்கூட்டிக் கொடுத்துச் சீட்டு வாங்குகிறார். விற்காத சீட்டு குலுக்கலுக்குப்பின் வெறுங்காகிதம். நட்டம் முழுதும் அவருடையதே. வெயிலில் நின்று விற்கும் முதியவரைப் பார்த்தவர் இதனை உணர்வர்.

இரண்டாவது, ஆயுள் இன்ஷ்யூரன்ஸ். 1956 செப்டம்பர் 1ஆம் நாள் 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. உருவாயிற்று. அதன் ஏஜண்டுக்கு மாதச் சம்பளம் இல்லை. ஆனால் முதலாண்டோடு கமிஷன் நின்றுவிடுவதில்லை. பிரிமியம் கட்டப்படும் ஆண்டுதோறும் வருகிறது. முதலாண்டில் மட்டும் மிகுதியாகக் கொடுத்தால், ஏஜண்டு விற்றுவிட்டு மறைவார். 2024 அக்டோபரில் பல திட்டங்களுக்கு முதலாண்டுக் கமிஷன் குறைக்கப்பட்டுப் பின்னாண்டுகளுக்குரியது கூட்டப்பட்டது. திரும்பி வருபவருக்கே கூலி என்பது இதன் பொருள். இன்னொன்று: ஏஜண்டின் கமிஷனில் பங்கு பெறுவதும் கொடுப்பதும் 1938ஆம் ஆண்டு இன்ஷ்யூரன்ஸ் சட்டப்படி குற்றம். நம்மில் சிலர் அதனைச் சாமர்த்தியமென்று நினைக்கிறோம்!

மூன்றாவது, அஞ்சலகத் தொடர் வைப்புக்குப் பணம் திரட்டும் பெண் ஏஜண்டுகள். அவர்களுக்குக் கமிஷன் நூற்றுக்கு 4. மாதம் ஆயிரம் ரூபாய் கட்டும் 50 வீடுகள் இருந்தால் 2,000 ரூபாய் கிடைக்கும். சொந்தத் தெருவிலேயே நடப்பதால் வழிச்செலவு குறைவு. பெற்ற தொகையைக் குறித்துக் கையொப்பமிட்ட அட்டை, பணம் கட்டுபவர் கையிலேயே இருக்கும். எனவே சந்தேகத்திற்கு இடமில்லை.

இம்மூன்றிலிருந்தும் நாம் கொள்ளத்தக்கவை சில. ஏற்கனவே வீடுவீடாகச் சென்று பழகியவரைத் தேடுங்கள். தமிழும் மலையாளமும் பேசுபவராயிருத்தல் நன்று. வேறு சிறு வருவாய் உள்ளவராயிருக்கட்டும். முதலிரண்டு மாதக் கமிஷன் வயிற்றுக்குப் போதாது. அவரைப் பற்றி அவருடைய அண்டை வீட்டாரிடம் விசாரியுங்கள். எடுத்த எடுப்பில் நூறு பாட்டில் கேட்பவருக்குப் பத்து மட்டும் கொடுங்கள். கொடுத்ததும் திரும்பியதும் இருவர் நோட்டிலும் ஏறட்டும். விற்காததைக் கெடுமுன் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தெருவை இருவருக்குக் கொடாதீர்கள். அவர் பிடித்த வீடு பிறகு நேரே நம்மிடம் வாங்கினாலும், அவர் கமிஷனை அவருக்கே கொடுங்கள். வாரந்தோறும் கணக்கு முடித்து, அன்றே கூலியைக் கையில் வையுங்கள். முதல் மாதம் பஸ் கட்டணத்தையேனும் நாம் ஏற்பது நியாயம். மழையில் ரப்பர் வெட்டுக் குறைந்தால் இவ்வட்டாரத்து வீடுகளில் பணப்புழக்கமும் குறையும். அம்மாதங்களில் அவரை விரட்டாதீர்கள்.

தாய்மார்களே! சம்பளமில்லா ஆள் செலவில்லா ஆள் அல்லர். அவர் செலவு நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அவருடைய வீட்டு அடுப்படியில் இருக்கிறது. அதனை அறிந்து நடந்தால் நம் ஊறுகாயும் விற்கும். அவர் வீட்டிலும் அடுப்பெரியும். அந்த அன்பர் வீட்டிற்கு இவ்வாரமே சென்று, நம் பிழையைச் சொல்லிவர எண்ணியிருக்கிறோம்.